பெடலுக்கு அடியில் இருந்த கட்டை

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு நேற்று வந்து இறங்கிவிட்டது. உன் அம்மா ஒவ்வொன்றாக எடுத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டே, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நண்பர்கள் பட்டியலை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன். ஒரகடத்தில் உன்னோடு வேலை செய்பவர்கள், காலேஜ் ஆட்கள், கார் குரூப்பில் இருப்பவர்கள் எல்லாரும் இருந்தார்கள். நீ ஒரே ஒரு தடவை பார்த்த யாரோ ஒரு மதுரைக்காரன்கூட இருந்தான். முடித்ததும் அவள் கையை நிறுத்திவிட்டு, "என்னாங்க, ரியாஸ் பேரு வரலையே, படிக்காம வுட்டுட்டீங்களா?" என்றாள். நான் மறுபடியும் மேலிருந்து கீழே தேடுவதுபோல் பாவனை செய்தேன். இருக்காது என்று எனக்கு முதலிலேயே தெரியும். நாலாம் வகுப்பிலிருந்து உன் சைக்கிளின் பின் சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன், அவன் வாப்பா இறந்தபோது பதினைந்து நாள் நம் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கியவன், அவன் பெயர் உன் கல்யாணப் பட்டியலில் இல்லை.

இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். இதை உன்னிடம் சொல்லாமல் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்து வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட என்னால் முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். போனில் நீ "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய், நானும் அப்பாடா என்று விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். படித்து முடித்துவிட்டு அதைப் பிரி.

ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், எங்கே உட்கார்ந்தாலும் எழுந்திரு என்கிறார்கள். நான் வேலை பார்க்கும் கீழவாஞ்சூர் எடைமேடைக்கே வந்தேன். துறைமுகத்து நிலக்கரி லாரிகள் எடைமேடைக்கு வரிசையில் நிற்கின்றன, நான் இன்றைக்கு லீவு சொல்லிவிட்டும் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து டிரைவர்கள் சிரிக்கிறார்கள். "என்னாண்ணே, மவன் கல்யாணத்துக்குக் கணக்கு எழுதுறீங்களா?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போகிறான். ஆமாம்டா என்றேன். இரண்டு வரி எழுதினால் எழுந்து ஒரு நடை நடக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பழைய வெள்ளைக் காரிலிருந்து ஆரம்பிக்கிறேன். காலேஜ் முடித்து இங்கேயே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு வருஷம் ஓடிய அந்தச் சின்ன வண்டியை நீ வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாய். இதை வைத்து ஆட்டோகிராஸ் ஓட்டப் போகிறேன் என்றாய். எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. மைதானத்தில் கூம்பு கூம்பாக வைத்து வழி போட்டிருப்பார்கள், ஒரு நேரத்துக்கு ஒரே வண்டிதான், யாரோடும் மோதுகிற வேலை கிடையாது, கடிகாரத்தோடுதான் போட்டி என்று விளக்கினாய். பக்கத்தில் நின்ற ரியாஸ் தலையில் அடித்துக்கொண்டான். அவன் அப்போதுதான் பைபாஸ் ஓரம் சொந்தமாக ஷெட் போட்டிருந்தான், எஞ்சினுக்கு வேகம் கூட்டும் டர்போ வைத்த புது வண்டி ஒன்றும் தவணையில் எடுத்திருந்தான்.

"டேய், இத வச்சு ரேஸ் ஓட்டப் போறேன்னு வெளியில சொல்லிடாத, சிரிப்பானுங்க. கம்பெனிக்காரனே டர்போ வச்சு, ஏர்பேக் வச்சு, வாரண்டியோட குடுக்குறான். அத வாங்கி சொகமா ஓட்டிட்டுப் போவியா, ஓட்ட வண்டிய மண்ணுல போட்டுச் சாவடிப்பியா?"

"ஒன் வண்டிய நீ ஓட்டலடா, அது ஒன்ன ஓட்டிட்டுப் போவுது. பின்னாடி ரெட்டைச் சைலன்சர், சீட்டுல செவப்புத் தையலு, அதுக்குப் பேரு ஸ்போர்ட்டியா? பைபாஸ்ல மாட்டுக்கு மாடு ப்ரேக் அடிச்சுகிட்டுப் போறதுக்கு எதுக்குடா டர்போ?"

இதே சண்டை எத்தனை நாள்! டீக்கடையில், ஷெட்டில், நம் வீட்டு மாடியில். வண்டி லேசாக இருக்க வேண்டும், ஸ்டியரிங்கில் ரோடு தெரிய வேண்டும், பணமில்லாதவனும் வந்து ஓட்டுகிற மாதிரி இருந்தால்தான் அது விளையாட்டு என்பாய் நீ. அதெல்லாம் இல்லாதவன் பேசுகிற பேச்சு, வேகம் வேண்டுமென்றால் பாதுகாப்பும் சேர்ந்து வேண்டும், பழைய இரும்பை நம்பி மண்ணில் இறங்காதே என்பான் அவன். என்னைக் கேட்டால் இரண்டு பேருமே கிறுக்கன்கள். கார் என்பது ஆளை ஏற்றிக்கொண்டு போய் ஆளோடு திரும்பி வர வேண்டியது, அவ்வளவுதான். ஆனால் அத்தனை வாய் பேசிவிட்டு, உன் வண்டியின் கிளட்சைக் கழற்றி மாட்டியது, சீட்டுகளைப் பிடுங்கி எடை குறைத்தது, டயர் தேடி நாகப்பட்டினம் வரைக்கும் அலைந்தது எல்லாம் ரியாஸ்தான். அதை நீ மறந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

போலகத்தில் உன் மாமாவின் பொட்டலில் நீங்கள் பழகிய ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? உன் அம்மாவின் பிளாஸ்டிக் குடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போன ரகசியம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. பதினெட்டுக் குடம் கவிழ்த்து வைத்து வழி போட்டிருந்தீர்கள். குடத்தில் இடித்தால் ஐந்து செகண்டு அபராதம். முதலில் ரியாஸ் அவனுடைய டர்போவில் போனான், அப்புறம் நீ உன் டப்பாவில் போனாய். ஒரு செகண்டுக்கு மேல் நீதான் முந்தி. அவன் இறங்கி வந்து, "மண்ணுல டர்போ எந்திரிக்கிறதுக்குள்ள அடுத்த கொடம் வந்துடுதுடா" என்று சொல்ல, நீ ஒரு குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கரகம் ஆடினாய். உன் அம்மாகூட சிரித்துவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை. கடைசிக் குடத்தைச் சுற்றும்போது உன் வண்டியின் பின் சக்கரம் ஒன்று தரையை விட்டு மேலே எழும்பியதை நான் பார்த்தேன். வண்டி அப்படியே சறுக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய், கரைக்குப் பத்தடி முன்னால் நின்றது. நீ இறங்கும்போதே "பாத்தீங்களாப்பா!" என்று கத்தினாய். பார்த்தேன். அதை அன்றைக்கே உன் சட்டையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும், "எனக்குப் பயமா இருக்குடா" என்று. மூன்று வார்த்தைதான். லாரி ஓட்டியவனுக்குப் பயம் என்று மகனிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஏன் அவ்வளவு பயம் என்று கேட்பாய். என் இடது முழங்கை முழுதாக நீளாது. பைக்கில் விழுந்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், உன் அம்மாவுக்கும் அதையேதான் சொன்னேன். பொய். அந்தக் காலத்தில் லாரி முதலாளிகள் ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுவார்கள். டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் பெடல் கட்டையில் போய் முட்டி நின்றுவிடும். டீசலும் மிச்சம், டிரைவரும் மிச்சம். கட்டை போட்ட வண்டி என்றால் எங்களுக்குள் ஒரே கேலி. எனக்கு அப்போது இப்போதைய உன் வயது. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது, முதல் ஆளாகப் போய் இறக்கிவிட வேண்டும் என்று ஒரு நாள் டயர் லிவரால் கட்டையைப் பெயர்த்து எடுத்துவிட்டேன். பூவம் வருவதற்கு முன்னால் இருக்கும் வளைவில் வண்டி ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. நல்ல வேளை, எதிரில் யாரும் வரவில்லை. முழங்கை உடைந்த கையோடு நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலாளி வருவதற்குள் அந்தக் கட்டையைத் தேடி எடுத்துப் பெடலுக்கு அடியில் திரும்ப வைத்தேன். பிரேக் பிடிக்கவில்லை முதலாளி என்றேன். முந்தின நாள் பிரேக் பார்த்த மெக்கானிக்கை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவே இல்லை. இப்போது அவர் முகம் ஞாபகம் இருக்கிறது, பெயர் வர மாட்டேன் என்கிறது.

ஒரு நடை போய்விட்டு வந்தேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு காலேஜ் மைதானத்தில் உன் முதல் போட்டி. ஞாயிற்றுக்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் ரியாஸ் உன் வண்டிக்கு ஆக்சிலேட்டர் கேபிள் புதிதாக மாற்றினான். சனிக்கிழமை மத்தியானம் நீ நம்பர் ஸ்டிக்கர் வெட்டக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாய், வண்டி வாசலில் நின்றது. நான் ஒரு வேப்பங்கட்டையை எடுத்தேன். இரண்டு விரல் கனத்துக்குச் செதுக்கினேன். சத்தம் வராமலிருக்கச் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, எப்போதும் நான் போடும் முடிச்சைப் போட்டு இறுக்கினேன். காலடி விரிப்பைத் தூக்கி, பெடலுக்கு நேர் கீழே பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டு, விரிப்பை மூடினேன். ஐந்து நிமிஷ வேலை. கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து உன் அம்மாவிடம் காபி கேட்டேன்.

மறுநாள் காலையில் வண்டியை எடுத்ததுமே, "பெடல் என்னமோ சீக்கிரமா முட்டுதுடா" என்றாய் நீ. "புதுக் கேபிள்டா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றான் ரியாஸ். நான் பின்னால் சீட் பிடுங்கிய இடத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வயல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த மைதானத்தில் நம் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, "காரைக்கால் வண்டியா? பெட்ரோல்ல ஓடுதா, சரக்குல ஓடுதா தம்பி?" என்று ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டே, "ஓட்டிக் காட்டுறேன், நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க" என்றாய். எனக்கு அவ்வளவு பெருமை. அப்புறம் நீ ஓட்டினாய். கூம்புகளுக்கு நடுவில் நீ வளைந்து வளைந்து போனதைப் பார்த்து, கேலி பண்ணின அதே ஆள் கை தட்டினார். அதற்குப் பிறகு அந்த நீளமான நேர் ஓட்டம் வந்தது. வண்டி எழும்பவே இல்லை. எஞ்சின் முனகியது, நீ மிதித்துக்கொண்டே இருந்தாய், எனக்கு உன் கால் தெரியாவிட்டாலும் அந்தக் கால் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியும். கடைசியிலிருந்து மூன்றாவது. உன் வண்டியைவிடக் கிழட்டு வண்டி வைத்திருந்தவர்களெல்லாம் உன்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். நீ ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை, கொஞ்ச நேரம் அதோடேயே உட்கார்ந்திருந்தாய். நான் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ முழுசாக இருக்கிறாய் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கேபிளில்தான் ஏதோ கோளாறு என்று மறுநாள் நீ வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாய். மத்தியானம் ரியாஸ் இங்கே கீழவாஞ்சூருக்கு வந்தான். இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கிற இதே பெஞ்சுக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்து என் கையில் வைத்தான்.

"அப்பா, இந்த டியூபு முடிச்சு உங்களோடதுதானே?"

எனக்கு முதலில் வந்த வார்த்தை, "அவன்ட்ட சொல்லிட்டியா?"

"இல்லப்பா. நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அவன் உங்ககிட்ட மொகம் குடுத்துப் பேச மாட்டான். உங்க வாயால வந்துச்சுன்னா ரெண்டு நாளு கத்துவான், அப்பறம் சரியாயிடுவான்."

"சாயந்தரம் சொல்லிடுறேன்" என்றேன்.

சாயந்தரம் நீ வேலையிலிருந்து நேரே ஷெட்டுக்குப் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன், சொல்லிவிடத்தான் வந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ ஆரம்பித்துவிட்டாய். "நீ வேணுமின்னே பண்ணுனடா. பழைய வண்டி தோக்கணும், ஒன் டர்போ பேச்சு ஜெயிக்கணும். அதானே?" ரியாஸ் என்னைப் பார்த்தான். நான் சுவரில் மாட்டியிருந்த டயர் கம்பெனி காலண்டரைப் பார்த்தேன். அவன் காத்திருந்தான் தம்பி. நீ கத்திக்கொண்டே இருந்தாய், அவன் பதில் சொல்லாமல் எனக்காகக் காத்துக்கொண்டே இருந்தான். கட்டை என் கால்சட்டைப் பையில் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாடா, கேபிள் அட்ஜஸ்ட்மெண்ட்ல தப்பு பண்ணிட்டேன். வேணுமின்னு பண்ணல" என்றான். நீ சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாய். அதற்குப் பிறகு அந்த ஷெட் பக்கமே நீ போகவில்லை. ஒரே மாதத்தில் வண்டியை நாகூர் புரோக்கரிடம் தள்ளிவிட்டு, வேலை தேடி மெட்ராஸ் பக்கம் போய்விட்டாய்.

இரண்டரை வருஷம் ஓடிவிட்டது. ஆறட்டும், ஆறட்டும் என்று நாளைக் கடத்தினேன். நீ போன் பண்ணும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். பொங்கலுக்கு நீ புது டர்போ வண்டியில் வந்து இறங்கினாயே, சிவப்புத் தையல் போட்ட சீட்டோடு, அன்றைக்கு மட்டும் உன்னை விடாமல் கேட்டேன். "மறுபடி மைதானத்துக்குப் போவியாடா?" நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாய், "இல்லப்பா. நான் ஸ்லோன்னு தெரிஞ்சுபோச்சு. ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் கம்பெனிக்காரன் இந்த மாதிரி வண்டி பண்றான்." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாய். அப்புறம் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, "கீழ வரைக்கும் மிதிங்கப்பா, பயப்படாதீங்க" என்றாய். நான் பாதிக்கு மேல் மிதிக்கவே இல்லை. வயதாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உன் கூட்டாளியை மட்டும் நான் பிரிக்கவில்லை. எது நல்ல வண்டி என்று நீங்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்காகப் போட்ட சண்டையில், நீ உன் கட்சியை விட்டு மாறினாயே, அதற்குக் காரணம் என் வேப்பங்கட்டை. உனக்கு ஓட்டத் தெரியாது என்று உன்னையே நம்ப வைத்தவன் நான். டர்போ நல்லதா, பழைய வண்டி நல்லதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது உங்கள் பாடு. ஆனால் நீ பொய்யான கணக்கைப் பார்த்துவிட்டு உன்னை மட்டமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

இன்றைக்குக் காலையில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காபி டம்ளரை என் முன்னால் வைத்த வேகத்தில் பாதி கொட்டியது. "ரெண்டரை வருஷமா ஒவ்வொரு பெருநாளைக்கும் அந்தப் புள்ள பிரியாணி குடுத்தனுப்பிச்சே. அத எப்புடிங்க உங்களால திங்க முடிஞ்சிது?" என்றாள். தின்றேன். நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லி அனுப்பினேன். "எந்திரிங்க. பத்திரிகையை எடுத்துகிட்டு இப்பவே போங்க" என்று என்னை வெளியே தள்ளாத குறை.

நேரே போகத் துணிச்சல் வரவில்லை. அதனால்தான் முதலில் இங்கே வந்து உட்கார்ந்து இவ்வளவையும் எழுதினேன். இப்போது போகிறேன். போய்விட்டு வந்து முடிக்கிறேன்.

போய்விட்டு வந்துவிட்டேன். இப்போது ஷெட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும், காரைத் தூக்கும் லிஃப்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு ஒரு வண்டி நின்றது. நம்பர் பிளேட் வெளியே தெரிந்தது. உன் நம்பர்தான் தம்பி. உன் வெள்ளை வண்டி. "நாகூர்க்காரன் அத ஒடைக்கப் போறேன்னான்பா, மனசு வரல. வாங்கிட்டு வந்துட்டேன்" என்றான் ரியாஸ். அவனுடைய டர்போவை விற்றுவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போலகத்துக்குப் போய் இதைத்தான் ஓட்டுகிறானாம். "அவன் சொன்னதுதாம்பா சரி. இதுல ரோடு கைக்கு வருது. அம்மாவோட கொடமெல்லாம் இன்னும் அங்கதான் கெடக்கு." நீ அவன் கட்சிக்கு மாறிவிட்டாய், அவன் உன் கட்சிக்கு மாறிவிட்டான். இதைச் சொல்லிச் சிரிக்க இரண்டு பேரும் ஒரே இடத்தில் இல்லை.

"ஏண்டா என்னைக் காட்டிக் குடுக்கல?" என்று கேட்டேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "எனக்குத்தான் வாப்பா இல்ல. அவனுக்காவது சண்டை சச்சரவு இல்லாம இருக்கட்டுமேன்னு வுட்டுட்டேன். நீங்க சொல்லிடுவீங்கன்னுதான் நெனச்சேன்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அங்கேயே டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் அவன் மேஜையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தான். இதுதான் நீ முக்கியமாகப் படிக்க வேண்டியது. அன்றைக்கு அவன் போனில் எடுத்திருந்த உன் போட்டி வீடியோவைப் பார்த்து, அதே வழியைப் போலகத்தில் குடம் வைத்து அளந்து போட்டிருக்கிறான். நான் வைத்த கட்டையைப் போலவே அதே கனத்தில் ஒன்று செதுக்கி, அதே இடத்தில் ஒட்டி, அதே வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு தடவை இல்லை, பல தடவை. "கட்டையோட அவன் ஓட்டுன டைம என்னால தொடவே முடியலப்பா. மூணு செகண்டு, நாலு செகண்டு பின்னாடிதான் நிக்கிறேன். கட்டைய எடுத்துட்டு ஓட்டுனாதான் அவன் டைம் எனக்கு வருது. அப்பன்னா அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு பாத்துக்குங்க." நோட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினான். எனக்குக் கண் மறைத்ததில் எண் ஒன்றும் தெரியவில்லை. கட்டையோடும் நீ அப்படி ஓட்டியிருக்கிறாய்.

பத்திரிகையை எடுத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, பெயர்களையெல்லாம் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான். "நீங்க குடுத்து நான் வந்தா உங்களுக்காக வந்ததா போயிடும்பா. அவன் கூப்புடட்டும்" என்றான். அது நியாயம்தான். எல்லாவற்றையும் உனக்குக் கடிதத்தில் எழுதிவிட்டேன், முதலில் அவனைக் கூப்பிடச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண் அவளாக ஒரு வேலை பார்க்கிறாள், அவளாக ஸ்கூட்டர் ஓட்டுகிறாள், நாளைக்கு இன்னும் என்னென்னவோ செய்ய ஆசைப்படுவாள். உனக்குப் பயம் வரும். வந்தால் பயமாக இருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். சண்டை வந்தாலும் பரவாயில்லை. அவளுக்குத் தெரியாமல் அவள் பெடலுக்கு அடியில் எதையும் கொண்டுபோய் வைக்காதே. நானும் இனிமேல் அப்படித்தான். இப்போதும் சொல்கிறேன், நீ மறுபடி ஓட்டினால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஓட்டு. நான் வாய்க்கால் பக்கம் வந்து நின்றுகொள்கிறேன்.

இப்போது பொட்டலத்தைப் பிரி. உள்ளே இருக்கிறது அந்தக் கட்டை. டியூபில் இருக்கிற முடிச்சைப் பார். உன் முதல் சைக்கிளில் புத்தகப் பையைக் கட்டிக் கொடுத்ததும் அதே முடிச்சுதான், உனக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கு ரியாஸ் இதை உன் கையில் கொடுத்திருந்தால், ஒரு வார்த்தை சொல்லாமலேயே நீ என்னைக் கண்டுபிடித்திருப்பாய். அதனால்தான் அவன் உன்னிடம் காட்டவே இல்லை.

என்னைத் திட்ட நிறைய இருக்கும். அதற்கு நான் இங்கேதான் இருக்கிறேன், எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டு. முதலில் அவனைக் கூப்பிடு. டீக்கடையிலிருந்து பார்த்தால் ஷெட் தெரிகிறது. வேலையை நிறுத்திவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்று அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

கட்டை வைத்தவன்,
உன் அப்பா